மோரா, மோரோவா?

ஜுபைல் கேம்ப்பில் சோலைமுத்து கலக்கிய மோரைக் குடித்துத்தான் தென்பிலிப்பைன்ஸில் ஒரு நெடுநாள் போர் ஓய்ந்தது. சரி, சற்றுத் தண்ணீர் கூடிப்போன பேச்சுதான் இது. தண்ணீர் சேர்க்காத மோரும் கொஞ்சம் கூட்டாத கதையும் யாருக்குத் தொண்டையில் இறங்கும்?

சோலைமுத்து கமுதிப் பக்கத்துக்காரன். சவூதிக்கு வந்த முதல் இரண்டு வருடம் சைட்டில் வெயிலுக்கு நேராக நின்று சாரக்குழாய் சுமந்தான். முதுகுத்தோல் கருவாடாகி, கண்டவர் காலையெல்லாம் பிடித்து, ஒரு வழியாகக் கேம்ப் மெஸ்ஸில் சமையல் டியூட்டி வாங்கினான். கூரையும் மின்விசிறியும் உள்ள அந்த இடத்தை விட்டு எமன் கூப்பிட்டாலும் எழுந்து போவதில்லை என்பது அவன் தீர்மானம்.

மெஸ்ஸில் நாட்டுக்கொரு சோற்றுப் பானை. மூடிமேல் டேப் ஒட்டி, இந்தியா, பங்களா, நேபாளி, ஃபிலிப்பினோ என்று அவனே தமிழில் எழுதிவைத்திருந்தான். தட்டு நீட்டுகிறவனிடம் நாட்டைக் கேட்டுக்கொண்டுதான் கரண்டியை இறக்குவான்.

2018 ஜூன் மாதம், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு குயாமில் என்ற வெல்டர் புதிதாக வந்தார். தென்பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவுக்காரர். ஆள் ஒல்லி, முதுகு மட்டும் ராணுவ விறைப்பு.

"பாய், ஃபிலிப்பினோ?" என்றான் சோலைமுத்து.

அவர் தலையை ஆட்டினார். "நோ ஃபிலிப்பினோ. மோரோ."

"மோரா?"

"மோரோ, மோரோ."

சோலைமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவன் தனக்கென்று ஒரு தூக்குச்சட்டியில் இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம் தட்டிப்போட்டு மோர் கலக்கி வைப்பான். அதை இதுவரை ஒரு பயல் பேர் சொல்லிக் கேட்டதில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வந்த மனிதர் முதல் நாளே கேட்கிறார். டம்ளர் வழிய ஊற்றினான்.

குயாமிலோ வேறு கணக்குப் போட்டார். பக்கத்தில் நின்ற மணிலாக்காரர் எவருக்கும் கிடைக்காத பானம், மோரோ என்று சொன்னதும் தனக்கு வருகிறது. உலகத்தில் ஒருவனாவது நம் இனத்தை மதிக்கிறானே என்று மூக்கைப் பிடிக்காத குறையாகக் குடித்தார். கொடுத்ததை மறுத்தால் மரியாதைக்கேடு. வெள்ளிக்கிழமைகூட விடாமல் இரண்டரை மாதம் குடித்தார்.

பாலும் தயிரும் அறியாத வயிறு அது. தினமும் மத்தியானம் கிளினிக் வாசலில் நின்றார். கடைசியில் நர்ஸ் சீட்டில் எழுதிவிட்டாள்: காரணம், மெஸ் சாப்பாடு.

சீட்டு போய்ச் சேர்ந்த இடம் கேம்ப் பாஸ் கலீலுர் ரஹ்மானின் மேசை. கீழக்கரைக்காரர். இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"சோலை, இந்தப் புகாருல இவரு கையெழுத்துப் போட்டா நீ நாளையிலேருந்து சைட்டுக்குத்தான். ஆகஸ்ட் மாசம். நான் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தச் சட்டியில என்னத்தப்பா கலந்தே?"

"அண்ணே, அவரு கேட்டாரு, நான் குடுத்தேன். தெனமும் மோரு மோருன்னு அவருதான் கேக்குறாரு."

கலீலுர் ரஹ்மான் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்சநேரம் தோள் மட்டும் குலுங்கியது.

"அட கிறுக்கா, அது மோரு இல்லடா. மோரோ. அவங்க சனத்தோட பேரு."

"பேரா? எவன் வச்சான் இப்படி ஒரு பேரு?"

குயாமில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, கலீலுர் ரஹ்மான் தமிழாக்கினார். "ஸ்பெயின்காரன் வச்சான். அவன் ஊர்ல முஸ்லிம்கள அப்படித்தான் ஏசுவான். கப்பல்ல வந்து இவங்களயும் அதே ஏச்சு ஏசினான். இவங்க அதையே பேரா வச்சுக்கிட்டாங்க."

"எங்க பாட்டன ஊர்ல முரண்டுன்னு வஞ்சாங்க அண்ணே. இப்ப முரண்டு வீடுன்னுதான் கல்யாணப் பத்திரிகையே அடிக்கிறோம்."

"முன்னூறு வருஷம் சண்ட போட்டும் இவங்க சுல்தான்மாரை அவனால முழுசா மடக்க முடியல. 1898-ல அமெரிக்காக்காரன்கிட்ட தோத்துப்போயி, இவங்க மண்ணையும் சேர்த்து எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான்."

"பட்டா யாரு பேர்ல இருந்துச்சு?"

"அதத்தான் இவரு இன்னைக்கி வரைக்கும் கேக்குறாரு. பொறவு வடக்கேயிருந்து ஆளுகளக் கொண்டாந்து குடியமர்த்தி, சொந்த மண்ணுலயே இவங்க கொஞ்சப் பேரா ஆயிட்டாங்க. எழுபதுகள்ல தனிநாடு வேணும்னு துப்பாக்கி எடுத்தாங்க. இவரு மாமா காட்டுக்குப் போனவரு. இப்ப தனிநாட்ட விட்டுட்டு தன்னாட்சி போதும்னு பேசுறாங்க."

இதற்குள் குயாமிலுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மோர் என்றால் தயிர்த்தண்ணீர் என்று கலீலுர் ரஹ்மான் சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. வயிறு போனதற்கு வருந்தாத மனிதர் இதற்கு வருந்தினார். இரண்டரை மாதமாக ஒருவன்கூட தன்னை மோரோ என்று அழைக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிசம் பாய்." சோலைமுத்து மெஸ்ஸுக்கு ஓடினான். காலிப் பானை ஒன்றை எடுத்து, ஃபிலிப்பினோ பானையிலிருந்து பாதிச் சோற்றை அதில் மாற்றினான். மூடிமேல் புது டேப் ஒட்டி, முத்து முத்தாக 'மோரோ' என்று எழுதி, பானையை அப்படியே தூக்கிக்கொண்டு ஆபீஸில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

கலீலுர் ரஹ்மான் மூடியில் இருந்ததைக் குயாமிலுக்குப் படித்துச் சொல்லிவிட்டு, திறந்து பார்த்தார். "சோறு ஒண்ணுதானேப்பா?"

"சோறு ஒண்ணுதான் அண்ணே. மூடி வேற."

குயாமில் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பானையோடு நின்று ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். அன்றிலிருந்து அவருக்கு மோருக்குப் பதில் பால் சேர்க்காத சுலைமானி டீ.

அடுத்த ஜனவரியில் அவர் ஊரில் வாக்கெடுப்பு நடந்து தன்னாட்சி உறுதியானது. அதன்பிறகு சோலைமுத்துவின் கால் தரையில் பாவவில்லை. புதிதாக எவன் வந்து தட்டு நீட்டினாலும் அந்தப் பானையைக் காட்டி, "மொதல்ல மூடி வந்துச்சு, பின்னாடியே சர்க்கார் வந்துச்சு. என் மோரக் குடிச்சுத்தான் சண்டையே நின்னுச்சு," என்பான்.

ஒருநாள் வரிசையில் பின்னால் நின்ற குயாமில் தட்டோடு எட்டிப் பார்த்தார். இதற்குள் அவருக்கு, 'வேண்டாம், இல்லை' எல்லாவற்றுக்கும் அரபி 'மாஃபி' போடும் மெஸ் தமிழ் பழகியிருந்தது.

"சோலை பாய், பொய் மாஃபி. சமாதான ஒப்பந்தம் 2014. நீ அப்ப கமுதி." சோற்றுக்குத் தட்டை நீட்டிவிட்டு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "அப்புறம் உன் மோரு. ரொம்பப் புளிப்பு."