சாவடியின் மாடி ஜன்னல்

“கல்லுக்கு வக்காலத்து வாங்கத்தான் உன்னை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வெச்சாங்களா? நீ சொல்லி அந்தப் பெரிய மனுஷங்க கேட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க!” என்றாள் சித்தி. பூத்தொடுக்கும் கை நிற்கவே இல்லை. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் அடுத்த மல்லிகையை எடுத்தாள்.

ஸ்ரீரங்கத்தில் ஆற்றுக்குப் போகும் சாலையில் ஒரு பழைய சுங்கச்சாவடி. ஒரு காலத்தில் பாரவண்டிகளை நிறுத்தி வரி வாங்கிய இடம். என் காலத்தில் அதன் கல்தூண்களின் நிழலில் எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்து பூத்தொடுத்தார்கள். மேலே ஒற்றை அறை. அது மாதர் படிப்பகம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த மாடிக்கு ஏறிய முதல் ஆளும் நான்தான். இதை எழுதும்போது இன்றும் முதுகு நிமிர்கிறது.

பள்ளி விட்டதும் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, அன்றைய பத்திரிகையைக் கீழே கேட்கும்படி உரக்கப் படிப்பேன். எதிரே காவிரியும் அக்கரையில் மலைக்கோட்டையும் தெரியும். பஸ் வந்தால் அதன் இரைச்சல் அடங்கும்வரை நிறுத்துவேன். உடனே கீழிருந்து குரல் வரும்: “ம், அப்புறம்?”

“மந்திரி பேசினது போதும் புள்ள, நகைக்கடை விளம்பரத்தப் படி” என்பாள் சித்தி.

“வாங்கவா போறே?”

“கேக்கறதுக்குக் காசா கேக்கறான்?”

அம்மாவுக்கு வாரப் பத்திரிகையின் தொடர்கதைதான் வேண்டும். கதாநாயகி அழும் இடத்தில் அம்மாவின் சரம் நெருக்கமாக விழும். சண்டை வந்தால் தளர்ந்துவிடும். சரத்தைப் பார்த்தே அன்றைக்கு எந்த இடம்வரை படித்தேன் என்று சொல்லிவிடலாம்.

பஸ்கள் பெருகின. சாவடி சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, இடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. ஊரில் எந்தப் பழைய கட்டடத்தைக் காப்பது, எதை விடுவது என்று முடிவு சொல்ல அப்போதுதான் ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர், ஒரு வக்கீல், ஒரு இன்ஜினீயர். விரும்புகிறவர்கள் வந்து பேசலாம் என்றார்கள். நான் பேசப் போகிறேன் என்றபோதுதான் சித்தி அப்படிக் கேட்டாள்.

முதலில் இன்ஜினீயர் வந்தார். சுவரில் இருந்த விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்குமாம். அந்த ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன். உடையவில்லை.

மழை ஓய்ந்ததும் குழு கூடியது. “கட்டடத்துல என்ன விசேஷம்னு சொல்லும்மா” என்றார் வக்கீல்.

“சார், மேல நாங்க படிக்கிறோம். கீழ பூத்தொடுக்கிறவங்களுக்கு நான் ஜன்னல்லேருந்து...”

“அது இருக்கட்டும்மா. படிக்கிறத எங்க வேணா படிக்கலாம். கட்டடத்தப் பத்திச் சொல்லு.”

சொன்னேன். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய வளைவைப் பற்றியும், வாசல் கல்லில் வண்டிச் சக்கரங்கள் அரைத்துப் போட்ட தடங்களைப் பற்றியும் தடுமாறாமல் சொன்னேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

சாவடி பிழைத்தது. சாலையை வளைத்துப் போட்டார்கள். “அட, கேட்டுட்டாங்களே!” என்று சித்தி என் தலையில் முழம் பூவை வைத்தாள்.

பிறகு காப்பு வேலை தொடங்கியது. சரம் மாட்டப் பெண்கள் தூண் இடுக்குகளில் அடித்திருந்த ஆணிகளை வேலையாட்கள் பிடுங்கினார்கள். சுற்றிலும் கம்பிவேலி போட்டார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஆள் புழங்கக் கூடாது என்று படிப்பகத்துப் புத்தகங்களை ஒரு பள்ளிக்கூட அலமாரிக்கு அனுப்பிவிட்டு, மாடியைப் பூட்டினார்கள். வளைவு இன்று முன்பைவிட அழகாக இருக்கிறது. வெள்ளையடித்த ஜன்னல் மூடியே இருக்கிறது.

இப்போது நான் அக்கரையில் ஒரு பள்ளியில் டீச்சர். தினமும் பஸ் அந்தச் சாலை வளைவில் திரும்பும்போது என் தலை தானாக நிமிர்ந்து ஜன்னலைத் தேடுகிறது. பஸ் இரைச்சல் அடங்கினால் “அப்புறம்?” என்று யாராவது கேட்பார்கள் போலிருக்கும். யாரும் இல்லை. பெண்கள் அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து தொடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு வீட்டில் தொடர்கதையைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஒட்டலடி. மேலேருந்து வரணும். பக்கத்துல நாலு பேரு ‘ஐயோ பாவம்’னு சொல்லணும்” என்றாள். அவள் மடியில் கிடந்த சரம் ஒரே சீராக இருந்தது.

“இத அந்தக் குழுக்கிட்ட வந்து சொல்றியாம்மா?”

“நானா? அவங்க முன்னாடியா?” என்று சிரித்தாள். பிறகு, “வெள்ளிக்கிழமை வேணாம். அன்னிக்குப் பூ நிறைய வரும்” என்றாள்.

குழுவின் முடிவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி யாரும் கேட்கலாம். நேற்று குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். மாடியை மாலை நேரத்தில் திறக்க வேண்டும், கீழே பெண்கள் உட்கார விட வேண்டும் என்றேன்.

“நீங்கதானே பேசப் போறீங்க, டீச்சர்?” என்றார் குமாஸ்தா.

“இல்லீங்க. எங்கம்மா.”

“என்ன படிச்சிருக்காங்க?”

“படிக்கல. நான் படிச்சதையெல்லாம் கீழ உக்காந்து கேட்டவங்க.”

அவர் பேனாவை மூடப் போனார். நான் நகரவில்லை. அம்மாவின் பெயரை ஒருமுறைக்கு இருமுறை, மாடி ஜன்னலிலிருந்து படிக்கும் குரலில் சொன்னேன். எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.