அவசரத்துக்கு அறிவிக்க ஓர் ஆள்

விண்ணப்பப் படிவத்தில் மற்ற எல்லாவற்றையும் உதயரூபன் மளமளவென்று நிரப்பிவிட்டான். கார் டொயோட்டா ஸ்டார்லெட், எழுபத்தொன்பதாம் ஆண்டு. எஞ்சின் ஒரு கொரொல்லாவிலிருந்து கழற்றிப் பூட்டியது. சாரதிக்கு வயது நாற்பத்திநாலு. கடைசி வரியில்தான் பேனா நின்றது. ‘அவசரத்துக்கு அறிவிக்க வேண்டிய உறவினர் பெயர், தொலைபேசி, கையொப்பம்.’ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன்னுடைய கார் திருத்தும் கராச்சின் எண்ணையே அதில் எழுதினான்.

படிவத்தைக் கொண்டுவந்த ஹமீட், காத்தான்குடியில் பழைய கார்ச் சாமான் விற்பவர். போட்டிக்கு இந்தப் பக்கத்து ஆட்களைச் சேர்த்துக் கொடுக்கும் வேலையும் அவருடையதுதான். அவர் அதை வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

“நல்லா இரிக்கு தம்பி. கார் தலைகீழாப் பிரண்டு நீங்க கிடந்தா, உங்களுக்கே கோல் எடுத்துச் சொல்றதா?”

“வேற ஆள் இல்லயே ஹமீட் காக்கா.”

“என்ர பேரப் போடலாம், ஆனா சொந்தக்காரர் ஒப்பம் வைக்கணும் எண்டு கேக்கிறானுகள். இல்லாட்டி ஓட விடமாட்டானுகள். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஒரு ஆளப் பாருங்க.”

யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. தெற்கிலிருந்து ஒரு மோட்டார் சங்கத்தார் முதல் தடவையாக மட்டக்களப்புக்கு வந்து, வெட்டவெளியில் தார்ப் பீப்பாய்களை, எங்கள் பேச்சில் பரல்களை, வைத்து, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும் போட்டி வைக்கப் போகிறார்கள். ஒவ்வொரு காராக ஓடும், கடிகாரம் நேரம் பார்க்கும். அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து உதயரூபனுக்கு வேறு நினைப்பில்லை. அதற்காக ஒரு வருடம் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தவனை ஒரு வரி மறித்துக்கொண்டு நின்றது.

அவன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தான். தாய் தகப்பன் இல்லை. ஒரே தம்பி சண்டையில் போய்விட்டான். செட்டிபாளையத்து அஜந்தாவைக் கட்டி, அவளுடைய வீட்டுக்கே குடிவந்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணின் பேரில் இருக்கும். பிள்ளைகுட்டி இல்லாமல் பெண் கண்ணை மூடிவிட்டால் அந்த மனிதனுக்கு அங்கே ஒரு மூலைகூடக் கிடையாது. அதைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, அவனுக்கே விளங்கும் என்று விட்டுவிடுவார்கள்.

அஜந்தாவுக்குக் கார் ஓட்டப் பழக்கியவன் அவன்தான். இந்த ஸ்டார்லெட்டில்தான் பழகினாள். சுனாமியில் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் முற்றத்தில் சில்லுகள் இல்லாமல் கல்லில் நின்றது. வேகம் கூட்டுகிற ஆசையில் எஞ்சினை வெளியே எடுத்து வைத்துவிட்டு, காபுரேட்டர் ஒன்று வாங்க நகரத்துக்கு, புளியந்தீவுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது வீடு இல்லை. அஜந்தாவை இரண்டாம் நாள் கண்டெடுத்தார்கள். காரை மணலிலிருந்து தோண்ட ஒரு கிழமை ஆனது.

செத்தவீட்டில் அஜந்தாவின் தங்கை உசாந்தி எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்: “கார் ஓடுற நிலையில இருந்திருந்தா அக்கா ஏறித் தப்பியிருப்பா.” பிறகு அவள் அவனோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அவனும் அந்த வளவுப் பக்கம் போகவில்லை. பிரதான வீதியில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதையே கராச்சாகவும் வீடாகவும் ஆக்கிக்கொண்டான். உசாந்தி தினமும் அந்த வழியால்தான் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போவாள். இருவரும் நிலத்தைப் பார்ப்பார்கள். ஏழு வருடமாகப் போகிறது.

கறள் பிடித்த காரை அவன் விற்கவில்லை. துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டினான். பின் இருக்கைகளைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்தான். பிரண்டால் நசுங்காமலிருக்க உள்ளே இரும்புக் குழாய் வளைத்துக் கூண்டு கட்டினான். வாவிக்கரையில் தண்ணீர் வற்றிய வெளியில் எட்டுப் பரல்களை நட்டு ஓடிப் பார்த்தான். அங்கேதான் வெட்கக்கேடு நடந்தது. முதலாவது பரலைக் கண்டதும் கால் தானாகப் பிரேக்கில் போய் நின்றது. இடது கை மேலே போய் உள் லைற்றைப் போட்டது. பட்டப்பகலில், மாடுகளைத் தவிர ஈ காக்காய் இல்லாத வெளியில், அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவினான். இருபது வருடம் சோதனைச்சாவடிப் பரல்களுக்கிடையே ஊர்ந்த கால் வேறென்ன செய்யும்? அதற்குப் புத்தி படிப்பிக்க நாலு நாள் பிடித்தது. அஜந்தா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சொல்லிச் சிரிக்க ஓர் ஆள் இல்லாமல் போனது அன்றைக்கு அவனுக்குப் பொறுக்க முடியாத துக்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கடைசி வரியில் எழுதிய எண்ணை வெட்டிவிட்டு, படிவத்தை மடித்துக்கொண்டு உசாந்தியின் வீட்டுப் படலைக்குப் போனான். ஊரில் மனைவி வழியில் அவனுக்கு மிச்சமிருந்த சொந்தம் அவள் ஒருத்திதான். அவள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஒரு ஒப்பம் வேணும் புள்ள. ஏலாதெண்டா போறன்.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கி வாசித்தாள். அந்தக் கடைசி வரிவரை வந்துவிட்டு, மேலே காரின் பெயருக்குத் திரும்பினாள்.

“அந்தக் காரா அத்தான்?”

“ஓம்.”

“இப்ப ஓடுதா?”

“ஓடுது.”

அவள் படிவத்தைத் திருப்பிக் கொடுப்பாள் என்று நினைத்து அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“அக்கா காரத் தேடல்ல,” என்றாள். “முதல் தண்ணி கணுக்காலுக்கு வந்திட்டு வத்தினது. நான் கடலப் பாக்கப் போனன். அக்கா றோட்டுக்கு ஓடிட்டா. என்னக் காணல்ல எண்டு திரும்பி வந்தவ. நான் தென்னையில தொங்கித் தப்பினன். அவ என்னக் கூப்பிட்டது இப்பவும் கேக்குது. கார் இருந்திருந்தாலும் அவ திரும்பித்தான் வந்திருப்பா.”

உதயரூபன் நிலத்தில் குந்திவிட்டான். கல்லில் நின்ற அந்தக் கார் ஏழு வருடம் அவன் நெஞ்சில் நின்றது. இவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் இறங்கியிருக்கும். கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றும் வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, அவளும் இத்தனை வருடம் ஒருவருக்கும் சொல்லாமல் தனியேதான் கிடந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“இப்பவும் என்ர பேரப் போடுவீங்களா?” என்று கேட்டாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு கார்கள் ஓடின. நேரக்கணக்கில் அவன் ஒன்பதாவதாக வந்தான். மூன்றாவது பரலில் கால் ஒருதரம் பழைய புத்தியைக் காட்டிவிட்டது, ஆனால் ஒரு பரலையும் இடிக்கவில்லை. ஓடி முடித்தவர்களைப் பெண்சாதி பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஓடப் போகும்போது அவன் கொடுத்துவிட்டுப் போன தொலைபேசியோடு ஹமீட் வந்தார்.

“புடிங்க. உங்கட கொழுந்தி. அஞ்சாவது தரம் எடுக்கிறா.”

“முடிஞ்சுதா அத்தான்?”

“முடிஞ்சு. ஒன்பதாவது.”

“காயம் ஒண்டும் இல்லயே?”

“இல்ல புள்ள.”

“அப்ப சரி. எத்தின மணிக்கு வருவீங்க?”

அந்தக் கேள்வியை யாரும் கேட்டு ஏழு வருடம். அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். கண் கலங்கியதில் முள் தெரியவில்லை.

“ஆறு மணிக்குள்ள வந்திருவன்,” என்றான்.