ஹாரன் கேட்கும் அறை

மதுராந்தகத்தில் ரயிலை விட்டு இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஏரிக்கரையை ஒட்டிய ஊரில் வாடகை அறை பார்க்க நிற்கிறேன். ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். கடற்கரையில் பார்த்த மூன்று இடங்களையும் வேண்டாமென்று விட்டேன். கார் இல்லாமல் அங்கே டீ குடிக்கக்கூடப் போக முடியாது.

வீட்டுக்கார அம்மா முதலில் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டுகிறார்.

“கார் இல்லைங்க. பஸ்லதான் வந்தேன்.”

பின்னால் யாராவது வருகிறார்களா என்று கேட்டைப் பார்க்கிறார். “ஒண்டியாவா?”

“ஒண்டியாத்தான்.”

“அப்ப பின்னால ரூம்பு கீது, ஏரி தெரியும். முன்னால வேணாம்மா, பேஜாரு. மொத பஸ்ஸு கடைசி ஸ்டாப்ல திரும்பசொல்ல ஹாரன் அடிப்பான். அத்த கேட்டுத்தான் ஊரே வூட்ட வுட்டு கெளம்பும்.”

பின் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். ஏரி நிறையத் தண்ணீர். ஆசையாகத்தான் இருக்கிறது.

“பஸ் வர்றது காதுல விழுந்தாத்தான் எனக்கு நிம்மதி. முன் ரூமே குடுங்க.” முன் அறைக்குப் போய்ப் பையைக் கட்டிலில் வைத்துவிடுகிறேன்.

அவர் செல்போனை எடுக்கிறார்.

“டிரைவராண்ட சொல்லிர்றேன். நாளைலருந்து நம்ம வூட்ல ஒரு ஆளு சேத்தி, பாத்து நிறுத்துன்னு.”