எனக்கு வராத பொன்னுக்கு வீங்கி

மகளுக்குப் பொன்னுக்கு வீங்கி. எனக்கு அது வந்ததே இல்லைங்குறதால, அவ பக்கத்துல இருக்கலாமான்னு தெரிஞ்சுக்க கே.கே. நகர் லேப்ல ரத்தம் குடுத்தேன்.

இன்னைக்கு ரிப்போர்ட் வந்துச்சு.

"ஐஜிஎம் நெகட்டிவ், புதுசாத் தொத்தல சார். ஐஜிஜி பாசிட்டிவ். ஊசி போட்டிருக்கணும், இல்ல எப்பவோ வந்துட்டுப் போயிருக்கணும்"னு லேப் மேடம் சொன்னாங்க.

ரெண்டும் இல்லையேன்னு அம்மாவுக்குப் போன் அடிச்சேன். அம்மா ரிட்டயர்டு டீச்சர். நான் படிச்சதும் அவங்க ஸ்கூல்லதான்.

"ரெண்டாப்புல வந்துச்சுடா. எனக்கு லீவு இல்ல. உன்கிட்டயும் பல்வலின்னே சொல்லி, மப்ளரைக் கட்டி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

அந்த வருசம் வகுப்புல அம்புட்டுப் பேருக்கும் கன்னம் வீங்குச்சு. எனக்கு மட்டும் வரலைன்னு நேத்து வரைக்கும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாப்பு பி செக்சன் ஆளுக யாராச்சும் இங்க இருந்தா மன்னிச்சுக்கங்கடா மாப்ளைகளா. ஆரம்பிச்சு வச்சதே நான்தான்.