நிதானமாகச் சுட்ட துப்பாக்கி

எங்கள் ஊர் வில்பர் கயுத்தாக், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே, பத்து மைலுக்கு அப்பால் வெடித்த துப்பாக்கி யாருடையது, அதற்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாயிற்று, சுட்டவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பது வரை சொல்லிவிடுவான். சரி, சாப்பாட்டை விட்டுவிடுங்கள். பத்து மைலையும் இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அதுவும் காற்று நம் பக்கம் வீசினால். யாருடையது என்பதில் மட்டும் நான் எதையும் குறைப்பதாக இல்லை.

அலாஸ்காவின் இந்தக் கடலோரத்தில் ஊருக்கு மின்சாரம் தருவது ஒரே ஒரு டீசல் எஞ்சின். அதைப் பார்த்துக்கொள்வது வில்பரின் வேலை. நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே கிடப்பான். யார் எது கேட்டாலும் முதலில் "ஆங்?" என்பான், பிறகுதான் பதில். யோசிக்கிற ஆள் என்று நாங்கள் மெச்சிக்கொள்வோம். யோசிக்காமல் அவன் பேசுவது ஒரே விஷயம்தான்: செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி. ஒரு குண்டு போனதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. அவனிடமும் ஒன்று இருந்தது, தங்கை புருஷன் ஈனோக்கிடமும் ஒன்று இருந்தது. இரண்டும் வெவ்வேறு சாதி. மாமன் மச்சான் சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

ஈனோக்குடையது கறுப்பு, அலுமினிய உடம்பு. வெடித்த புகை ஒரு மெல்லிய குழாய் வழியே நேராகப் பின்னால் வந்து, குண்டை ஏற்றும் போல்ட்டைத் தள்ளும். உள்ளே கனமாக எதுவும் ஓடாது, முனை ஆடாது, சத்தமும் சாட்டை மாதிரி மெல்லிசு. கைமுட்டி அளவுக்குத் தண்ணீருக்கு மேல் தலை நீட்டும் கடல்நாயைக்கூடத் தப்பவிடாது. வில்பருடையது மரக்கட்டை போட்டது. புகை ஓர் எஃகுத் தண்டை உதைக்கும், தண்டு போல்ட்டை உதைக்கும். கனம் அதிகம், சத்தமும் அதிகம்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து வில்பர் வீட்டில் கரிபு மான் சூப்பு, நானும் போயிருந்தேன். அவன் மனைவி பெஸ்ஸி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஆரம்பித்துவிட்டார்கள்.

"மச்சான், உன்னோடதைச் சுட்டா சமையக்கட்டுல பாத்திரம் உருள்ற மாதிரி இருக்கு. நாலு குண்டு போனா குழல் சூடாகி, அஞ்சாவது பக்கத்து ஊருக்குப் போகுது."

"ஆங்?" என்றான் வில்பர். ஈனோக் அதையே இன்னும் உரக்கச் சொன்னான். இப்போது வில்பர் பதில் கொடுத்தான்.

"பக்கத்து ஊர்ல உங்க சித்தப்பன்தானே இருக்கான், போகட்டும். உன்னோடது தான் விட்ட புகையைத் தானே திங்குதே, மாப்ளே. கரியும் எண்ணெயும் சேர்ந்து குளிர்ல பாகு மாதிரி இறுகிடும். என்னோடது உள்ள லூஸு. பனி போனாலும் மண்ணு போனாலும் ஓடும்."

"லூஸா இருக்கறதைப் பெருமையாச் சொல்ற ஒரே ஆளு நீதான்."

பெஸ்ஸி கரண்டியை நீட்டினாள். "ரெண்டும் வேணாம். எங்கப்பாவோட கையால இழுக்கிற பழசு இருக்கே, ஒரு குண்டு, ஒரு மான், வீட்டுக்கு வந்துடுவாரு. உங்க ரெண்டு பேருக்கும் வேகமாத் தப்பா சுட ஒரு மெஷின் வேணும்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வில்பருக்கு அன்றைக்கே ஜெயிக்க வேண்டியிருந்தது.

"உள்ள கொண்டாடா, மாப்ளே. பிரிச்சு மேசையில வச்சிடுவோம். எதுல எவ்வளவு கரின்னு கண்ணால பாத்துக்க."

எங்கள் ஊரில் குளிர்காலத்துத் துப்பாக்கி குளிர் நடையைத் தாண்டி உள்ளே வருவதில்லை. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் உள்ள அந்த இடத்தில், பூட்ஸோடும் உறைந்த மீனோடும் அது தொங்கும். உள்ளே வந்தால் இரும்பு வியர்க்கும். வியர்த்ததை மறுபடி வெளியே கொண்டுபோனால் உள்ளுக்குள் உறையும். இது நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும்.

"அண்ணே, கொண்டாராதீங்க" என்றாள் பெஸ்ஸி, ஈனோக்கைப் பார்த்து.

"தொடச்சுதானே தரப்போறேன்" என்றான் வில்பர்.

இரண்டையும் பிரித்தார்கள். கறுப்புத் துப்பாக்கியில் கரி இருந்தது. வில்பர் அதை விரலில் தொட்டு எங்கள் மூன்று பேருக்கும் காட்டினான். தானே துடைத்து, தானே மாட்டி, சூப்புக் கிண்ணத்தோடு ஈனோக்கை வழியனுப்பினான். வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. சுருள்வில்லும் குண்டைக் குத்தும் ஊசியும் இருக்கிற துளைகளுக்குள் எந்தத் துணி போகும்?

மறுநாள் காலை ஈனோக் பனிவண்டியை எடுத்துக்கொண்டு, உறைந்த காயலுக்கு அந்தப்பக்கம் மான் பார்க்கத் தனியாகப் போனான். வில்பரின் துப்பாக்கி நடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மதியம் ஊருக்கே கேட்டது. ஒரு வெடி. ஒரு குழந்தைக்குப் பூட்ஸ் மாட்டிவிடுகிற அளவுக்கு இடைவெளி. இன்னொரு வெடி. மறுபடி இடைவெளி, மறுபடி ஒன்று.

உதவி வேண்டுமென்றால் அடுத்தடுத்து மூன்று சுட வேண்டும், மூச்சு விடாமல். அதுதான் இங்கே வழக்கம். இது அப்படி இல்லை. வீடுகளுக்கு நடுவே பேசிக்கொள்ளும் ரேடியோவில் சிரிப்புக் கேட்டது.

"யாரோ நிதானமாச் சுடுறான்."

"கறி வந்தா எங்க வீட்டை மறந்துடாதீங்கப்பா."

வில்பர் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தான். மூன்றாவது வெடி கேட்டதும் நிமிர்ந்தான். "அது ஈனோக்கோடது. அவனுக்கு நிதானமாச் சுடத் தெரியாது" என்றான். தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இடைவெளி விட்டுச் சுடுகிறதென்றால், ஏற்றுவது அதுவல்ல, ஒரு கை. மரத்துப்போன கை. வில்பர் கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தம் அடங்கும் முன் அவன் பனிவண்டி காயலில் பாதி தூரம் போயிருந்தது.

பனிக்கட்டியின் மேல் தண்ணீர் ஏறி, அதன்மேல் புதுப்பனி மூடிய இடம். ஈனோக்கின் வண்டி இருக்கை வரை அதில் அமிழ்ந்திருந்தது. அவன் பின்னால் கட்டிய சறுக்குவண்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் இரண்டும் நனைந்து உறைந்து கல். மடியில் துப்பாக்கி, கையுறை இல்லாத விரல்கள் போல்ட்டின் பிடியில்.

"மூணும் சேர்த்துத்தான் சுட்டேன், மச்சான்" என்றான். "ஒவ்வொண்ணாத்தான் போச்சு."

வில்பர் அந்தப் பூட்ஸைக் கழற்றினான். தன் சட்டையைத் தூக்கி, அந்தக் கால்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். விமானம் வந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இடது கால் விரல்கள் அங்கேயே தங்கிவிட்டன.

ஈனோக் யாரையும் குறை சொல்லவில்லை. "எடை குறைஞ்சிடுச்சு, இனிமே வண்டி அமுங்காது" என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்புதான் வில்பருக்குத் தாங்கவில்லை. இரண்டாவது வெடிக்கே கிளம்பியிருந்தால் ஒரு விரலாவது மிஞ்சியிருக்குமா என்று என்னிடம் ஒருமுறை கேட்டான். நான் பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை. இப்போது எந்தத் துப்பாக்கி நல்லது என்று யாராவது கேட்டால், எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விடுகிறான். மாமனாரின் கையால் இழுக்கும் பழசோடுதான் வேட்டைக்குப் போகிறான். என்றாலும், அந்தக் காது இல்லாவிட்டால் ஈனோக்குக்குக் காலே இருந்திருக்காது என்பதை ஊர் மறக்கக்கூடாது.

இதுவரை எழுதியதைப் பெஸ்ஸிக்குப் படித்துக் காட்டினேன். அவள் என் மேசையில் காய்ந்த மீனைக் கிழித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"டீச்சரம்மா, வெடியைக் கேட்டது நான். அவருக்கு எஞ்சினும் துப்பாக்கியும் சேர்ந்து இடது காது போயே பல வருஷம். வலதும் பாதிதான். மெதுவா மூணு வெடி கேட்டுச்சுன்னு நான்தான் சொன்னேன். 'அப்ப கையால இழுக்கிறது, வேற எவனோ'ன்னு சொல்லிட்டு டீ ஊத்தச் சொன்னாரு. ஊத்தினேன். குடிச்சு முடிச்சாரு. அப்புறந்தான், சத்தம் சாட்டை மாதிரி மெல்லிசா இருந்துதுன்னு சொன்னேன். மூஞ்சி வெளுத்துப்போச்சு." மீனில் ஒரு முள்ளை எடுத்துப் போட்டாள். "காதைப் பத்தி என்ன வேணாலும் எழுதிக்கோங்க. அந்த டீயையும் எழுதுங்க. ஒரு விரலாவது மிஞ்சியிருக்குமான்னு அவரு உங்ககிட்ட கேட்டது அந்த டீயை நெனச்சுத்தான்."