ஒரே கிரேட்டிங், இரண்டு கணக்குகள்

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு பிசிக்ஸ் லேபில் என்னோடு ஒரே மேசையில் நின்றவள் லப்பைக்குடிகாட்டுப் பெண். அப்பாவை அத்தா என்பாள்; அவர் துபாயில் இருந்தார். எனக்கு ஊர் விக்கிரமங்கலம் பக்கம்.

அன்று எங்களுக்கு இரண்டு விளக்குகளின் நிறமாலையை அளந்து ஒப்பிடும் சோதனை. நெருக்கமாகக் கோடு கீறிய சின்னக் கண்ணாடியைக் கிரேட்டிங் என்போம். அதன் வழியே பார்த்தால் பாதரச விளக்கு ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் என்று தனித்தனிக் கோடுகளாகப் பிரியும். சோடியம் விளக்கில் மஞ்சள் மட்டும்தான். ஒவ்வொரு கோடும் எத்தனை டிகிரி தள்ளி விழுகிறது என்று பார்த்து, கிரேட்டிங்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், அங்குலத்துக்கு எத்தனை கோடு என்ற எண்ணை வைத்து அலைநீளத்தைக் கணக்கிட வேண்டும்.

அவள் ஒன்றரை மணி நேரம் பொறுமையாக எடுத்தாள். என் முறை வந்தபோது நாலு மணி பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்தது. இருட்டறைக்குள் தனியாக உட்கார்ந்து, பாடப்புத்தகத்தில் இருந்த அலைநீளங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, டிகிரிகளை எழுதிவிட்டேன். கோடுகளைப் பார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைக்கவே இல்லை.

அடுத்த வாரம் சார் நோட்டுகளைத் திருத்தினார். என்னுடையது பிரமாதம் என்றார். அவளுடைய அலைநீளங்கள் எதுவுமே சரியில்லை.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “எல்லா அலைநீளமும் ஒரே விகிதத்துல தள்ளியிருக்குங்க சார். கிரேட்டிங்ல ஒட்டியிருக்கிற நம்பர்தான் மாறியிருக்கும்னு நெனக்கிறேன்.”

“அதே கிரேட்டிங்லதானம்மா இவளும் எடுத்தா? இவளுக்கு எப்படிச் சரியா வந்துச்சு? உன் கண்ணைப் போயி டாக்டர்கிட்ட காட்டு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டை எடுத்து அடுக்கினேன்.

அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு அந்த நொடியே உறைத்தது. அதற்கு எதிரான ஒரே சாட்சி என் பொய்க் கணக்கு.

இரண்டு நாள் அவள் வரவில்லை. திருச்சிக்குப் போய் உண்மையாகவே கண்ணைக் காட்டிவிட்டு வந்திருந்தாள். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னை நிறுத்திக் கேட்டாள்.

“கண்ணுல ஒண்ணுமில்லயாம். அப்ப ஒனக்கு மட்டும் எப்படிடி வந்துச்சு?”

“தெரியலயே” என்றேன்.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. சாரிடமும் போகவில்லை. அடுத்த லேபிலிருந்து வேறு மேசைக்கு மாறிக்கொண்டாள். சோதனையைத் திரும்பச் செய்தபோது, அளந்ததை விட்டுவிட்டு எல்லோருக்கும் வரும் விடையையே தானும் எழுதிக் கொடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எட்டு வருடம் கழித்துப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள்.

“பிசிக்ஸ் எடுக்கலயா?” என்றேன்.

“அளந்து பாக்குறதுல நம்பிக்கை போயிட்டுது. கணக்குன்னா தாள்லயே முடிஞ்சிடும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சொல்லிவிட்டேன். “அன்னிக்கு நான் பாக்கவே இல்லடி. புத்தகத்தப் பாத்து எழுதுனேன்.”

“தெரியும். அன்னிக்கு சைக்கிள் ஸ்டாண்டுல கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு.” கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். “எங்கிட்ட சொல்லி என்ன பண்ண? சார்கிட்டல்ல சொல்லியிருக்கணும்.”

அவள் பஸ் வந்துவிட்டது. போயிட்டு வரேன் என்று ஏறிக்கொண்டாள்.

சார் ஓய்வு பெற்று ஜெயங்கொண்டத்தில் இருந்தார். நடந்ததையெல்லாம் எழுதி அவருக்குக் கடிதம் போட்டேன். பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணின் முகவரி வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்தின் முகவரியை விசாரித்து அனுப்பினேன்.

அவர் எழுதினாரா, அவள் என்ன பதில் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. இருவரிடமும் கேட்க எனக்கு முகமில்லை.