எட்டு விக்கெட் எடுத்தது முனுசாமி இல்லை

1. முதல் நாள்

கூலிக்குப் பந்து போட்ட முதல் நாளில் என் பெயர் ஆரோக்கியசாமி. பாய்லர் செக்‌ஷன். டோக்கன் நம்பரைக்கூட மனப்பாடம் பண்ண வைத்தார்கள்.

சொந்தப் பெயர் ஏகாம்பரம். ஊர் ராயபுரம். ஆறாவது வரை படித்தேன், அதில் ஐந்தாவதை இரண்டு தடவை. இப்போது பௌலர்களை ஏலம் விட்டு எடுப்பதை டிவியில் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் ஏலம் கிடையாது, காதர் பாய் இருந்தார். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை. கடையில் உட்கார்ந்த நேரத்தைவிட கிரவுண்டில் நின்ற நேரம் அதிகம்.

அப்போது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கம்பெனிக்குக் கம்பெனி கிரிக்கெட் டீம் இருந்தது. வருஷா வருஷம் கம்பெனிகளுக்குள் டோர்னமென்ட் நடக்கும். கம்பெனியில் வேலை செய்கிறவன்தான் ஆடலாம் என்பது ரூல். ஆனால் எல்லா கம்பெனிக்கும் ஜெயிக்க ஆசை. அதனால் வெளியிலிருந்து நல்ல பௌலரைக் கூட்டி வந்து, வேலையில் இருக்கிற ஒருவன் பெயரில் இறக்கிவிடுவார்கள். அவனுக்கு ‘கெஸ்ட்’ என்று பெயர். எந்த டீமுக்கு கெஸ்ட் வேண்டுமென்றாலும் காதர் பாயிடம்தான் வருவார்கள்.

“டேய் ஏகாம்பரம், நாளைக்கு உன் பேரு ஆரோக்கியசாமி. யாரு கூப்ட்டாலும் திரும்பணும், புரியுதா?”

“திரும்பலன்னா இன்னா பாய் ஆவும்?”

“மேட்ச்சு பூடும். அப்பால நான் உன்ன திருப்புவேன்.”

மறுநாள் கேப்டன் “ஆரோக்கியம்! ஆரோக்கியம்!” என்று மூன்று தடவை கத்தியும் நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்பயர் முறைத்தார். கேப்டன் சமயோசிதமாக, “அவனுக்குக் காது மந்தம் சார்” என்றார். அந்த சீசன் முழுக்க நான் செவிடனாக ஆட வேண்டியதாகிவிட்டது. அன்று ஆறு விக்கெட் எடுத்தேன். செவிடன் எடுத்த ஆறு விக்கெட்டைப் பற்றி திருவொற்றியூர் டீக்கடைகளில் ஒரு வாரம் பேசினார்கள்.

பதினாலு வருஷத்தில் பதினோரு டீம், பதினாறு பெயர். மேட்ச் இல்லாத நாளில் ஹார்பரில் லோடிங். என்னைப் போலப் பந்து போட்டவன் எண்ணூர் ரோட்டில் வேறு எவனும் இல்லை. இருந்தால் வந்து சொல்லட்டும்.

2. பாய்

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் புல் தரையில் ஆடியதில்லை. மண்ணைத் தண்ணீர் விட்டு உருட்டி, அதன்மேல் தேங்காய் நார்ப் பாயை விரித்து, சுற்றி நீள ஆணி அடிப்போம். அதுதான் மேட்டிங் பிட்ச். பாய் இறுக்கமாக இருந்தால் பந்து எகிறும், தளர்ந்தால் மடங்கி நிற்கும். நாள்பட்ட பாய் அங்கங்கே கிழியும். அதைச் சணல் போட்டுத் தைத்திருப்பார்கள். தையல் மேல் குத்தும் பந்து எந்தப் பக்கம் போகும் என்பது பேட்ஸ்மேனுக்குத் தெரியாது.

மற்ற பௌலர்கள் பாய் விரிக்கிற வேலையை கிரவுண்ட் ஆட்களிடம் விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போவார்கள். நான் போனதே இல்லை. எந்த டீமாக இருந்தாலும் ஒரு முனையை நான்தான் இழுப்பேன், ஆணியும் நானே அடிப்பேன். பாயைத் தடவிக்கொண்டே போனால் தையல் எங்கே, மேடு எங்கே என்று கை சொல்லிவிடும். எனக்கு யாரும் கோச்சிங் கொடுக்கவில்லை. நானே கண்டுபிடித்தது.

3. முனுசாமி

இவனைப் பற்றி எழுதலாமா என்று அவனிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ரிட்டயராகி செட்டில்மென்ட் எல்லாம் வாங்கிவிட்டான். இனி அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

முனுசாமி திருவொற்றியூரில் ஒரு பெரிய கம்பெனியில் கேஷுவல் ஃபிட்டர். பந்தைக் கையில் தொட்டதில்லை. ஒரு செமி ஃபைனலுக்கு நான் அவன் பெயரில் இறங்கினேன். அன்று எட்டு விக்கெட். எதிர் டீம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே சுருண்டுவிட்டது.

கெஸ்ட் ஆடும் நாளில் பெயரைக் கொடுத்தவன் யார் கண்ணிலும் படக்கூடாது. முனுசாமி அன்று முழுக்க கம்பெனி ஸ்டோரில் பெயின்ட் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் வெளியே வந்தவனை, மேட்ச் பார்க்காத நாலு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். பேப்பரிலும் ‘முனுசாமி 8 விக்கெட்’ என்று போட்டார்கள். அதை நம்பி, இரண்டு மாதத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவனை பர்மனென்ட் ஆக்கினார்கள்.

ஆர்டர் வரப்போகிறது என்று தெரிந்த அன்றே என்னைத் தேடி வீட்டுக்கே வந்தான்.

“நைனா, நான் இன்னா பண்ணட்டும்? வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்கோ. ஏன்னு சொன்னா வேலையே பூடும்.”

“பொண்டாட்டி புள்ள கீதா உனக்கு?”

“ரெண்டு புள்ள.”

“அப்ப சொம்மா கம்முனு வாங்கிக்கோ. எவன் பந்து போடச் சொன்னாலும் தோள்ல வலின்னு சொல்லு.”

முப்பது வருஷம் அவன் அந்தத் தோள் வலியை வைத்தே ஓட்டினான். நிஜமாகத் தோள் வலித்தவன் நான்.

4. மஞ்சப் பை

முப்பத்துமூன்று வயதில் வலது தோளில் ஏதோ அறுந்தது போல ஆகிவிட்டது. தொடர்ந்து நாலைந்து ஓவர் போட்டால் மறுநாள் சட்டை போட முடியாது. காதர் பாய்க்கு மட்டும் அது தெரியும். எண்ணூரில் ஒரு கம்பெனியில் அவர் பேசி, கேஷுவலாகச் சேர்த்துவிட்டார். அதே கம்பெனியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு பர்மனென்ட் போஸ்ட் காலியாக இருந்தது. முப்பத்தைந்து வயது தாண்டினால் அதற்கு எடுக்க மாட்டார்கள். தோளும் அதுவரை தாங்காது. அந்த கம்பெனி கேட்தான் எனக்குக் கடைசி வழி.

இன்டர்வியூவுக்கு நான் ஒரு மஞ்சப் பையோடு போனேன். உள்ளே பதினாலு வருஷத்துப் பேப்பர் கட்டிங். பெர்சனல் ஆபீசர் மேசைமேல் எல்லாவற்றையும் கொட்டினேன். மூளை இருக்கிற எவனும் அதைச் செய்திருக்க மாட்டான். நான் செய்தேன். என் விக்கெட் என் விக்கெட்தானே என்ற நினைப்பு.

ஆபீசர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

“ஆரோக்கியசாமி, ஆறு விக்கெட். டில்லிபாபு, அஞ்சு விக்கெட். முனுசாமி, எட்டு விக்கெட். ஏன்யா, உன் பேர் என்ன?”

“ஏகாம்பரம் சார்.”

“இதுல ஏகாம்பரம் எங்க?”

“எல்லாமே ஏகாம்பரம்தான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. முனுசாமி கட்டிங்கைத் தனியாக எடுத்து வைத்தார்.

“இதுல போட்டிருக்கிற திருவொற்றியூர் கம்பெனியோட பெர்சனல் ஆபீசர் எனக்கு ஃப்ரெண்ட். முனுசாமின்னு ஒருத்தர் அங்க ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல இருக்காரே. நீ சொல்றது நெஜம்னா அவர் ஃப்ராடு. அவர் நெஜம்னா நீ ஃப்ராடு. ஒரு போன் போட்டா தெரிஞ்சுடும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வேலை போனால் ஹார்பர் இருக்கிறது, மூட்டை தூக்கலாம். முனுசாமிக்கு என்ன இருக்கிறது? என் பெருமையைக் கொட்டப் போய் அவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

“சார், போன் வேணாம் சார். நான் பொய் சொல்றனா இல்லையான்னு பந்த குட்து பாருங்க.”

அதற்குள் ஒர்க்ஸ் மேனேஜர் உள்ளே வந்தார். கம்பெனி டீம் கேப்டனும் அவர்தான். பேட்டிங்கில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“லன்ச் டைம்ல மேட் விரிங்க. ரெண்டு ஓவர், பன்னெண்டு பால். என்னை அவுட் ஆக்கினா போஸ்ட் இவனுக்கு, பையைத் திருப்பிக் குடுத்துடுங்க. இல்லேன்னா நீங்க போன் போடுங்க.”

5. பன்னிரண்டு பந்து

பாய் விரிக்கிற ஆள் கையிலிருந்த சுத்தியலை வாங்கி நானே ஆணி அடித்தேன். பழைய பாய். ஆஃப் ஸ்டம்ப்புக்கு ஒரு ஜாண் வெளியே, குட் லெங்த்தில் ஒரு சணல் தையல் தட்டுப்பட்டது. மனதில் குறித்துக்கொண்டேன்.

சாப்பாட்டு டப்பாவோடு ஷிஃப்ட் முழுக்க வந்து நின்றது. அதற்குள் பை விஷயம் எல்லோர் காதுக்கும் போயிருந்தது.

“இன்னா மாமு, இன்னிக்கு இன்னா பேரு உனக்கு?” என்று வெல்டிங் செக்‌ஷனிலிருந்து ஒருவன் கத்தினான்.

“இன்னும் வெக்கலபா. ஜெயிச்சா வெப்பாங்கோ,” என்றான் இன்னொருவன்.

முதல் ஓவரை வேகமாகவே போட்டேன். தோள் பலமாக இருப்பதாகக் காட்ட வேண்டும். மேனேஜர் இரண்டு பவுண்டரி அடித்தார். ஆறாவது பந்தில் தோளில் தீ வைத்தது போல இருந்தது. குனிந்து ஷூ லேசைக் கட்டுவது போல நடித்து மூச்சு வாங்கினேன்.

ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் மெதுவாகத் தையலுக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சரியாகக் குத்தவில்லை. பத்தாவது பந்து பேட்டில் உரசிக் கீப்பர் கைக்குப் போனது. பட்டது. இன்றைக்கும் சத்தியம் செய்வேன். கீப்பர் கேன்டீனில் வேலை செய்பவன். பந்தைப் பிடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒர்க்ஸ் மேனேஜருக்கு எதிராக அவன் எப்படி அப்பீல் பண்ணுவான்?

“டச் இல்ல,” என்றார் மேனேஜர்.

“சார், சத்தம் பாய்லர் வரிக்கும் கேட்டுச்சு!” என்று கூட்டத்தில் ஒரு குரல். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

நான் பந்தை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். பதினாலு வருஷம் இன்னொருத்தன் பெயரில் ஆடியவனுக்கு அம்பயரிடம் சண்டை போடும் பழக்கம் கிடையாது. சண்டை போட்டால் பெயரைக் கேட்பார்கள்.

பதினோராவதை அவர் தடுத்தார். கடைசிப் பந்துக்கு கிரீஸின் ஓரத்துக்குப் போய், அகலத்திலிருந்து, விரலை உருட்டி ஒரு கட்டர் விட்டேன். தோள் வேகம் எதுவும் அதில் இல்லை, முழுக்க விரல்தான். தையல் மேலேயே விழுந்தது. வெளியே போகிற பந்து என்று மேனேஜர் பேட்டைத் தூக்கிவிட்டார். பந்து உள்ளே திரும்பி ஆஃப் ஸ்டம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது.

மேனேஜர் விழுந்த ஸ்டம்ப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் பெர்சனல் ஆபீசர் பக்கம் திரும்பி, “ஆர்டர் டைப் பண்ணுங்க,” என்றார்.

“என்ன பேர் சார் போட?”

“அவனையே கேளுங்க.”

நான் சொன்னேன். டைப்பிஸ்ட் அம்மாவை அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

6. மிச்சம்

பையில் இருந்த கட்டிங்குகளை அந்தந்தப் பெயர்க்காரர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். முனுசாமியிடம் போன் விஷயத்தைச் சொன்னபோது அவன் வாசலிலேயே குந்திவிட்டான். “அந்த டிரம்முக்குப் பின்னாலயே இருந்திருக்கலாம் நைனா,” என்றான்.

அதே மாதம் எண்ணூர் டீமுக்காக முதல் தடவையாக ஏகாம்பரமாக இறங்கினேன். தோள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு விக்கெட், எழுபது ரன். என் வாழ்நாளிலேயே அதைவிட மோசமாக நான் போட்டதில்லை. அந்த சீசனோடு பௌலிங் முடிந்தது. அப்புறம் இருபத்தாறு வருஷம் அதே கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்து, வீடு கட்டி, இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். எல்லாம் என் விரல் சம்பாதித்தது.

இப்போது டோர்னமென்ட் ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மேட்ச் முடிந்ததும் தண்ணீர் குடிக்க ஓடாதீர்கள். முதலில் ஸ்கோரர் மேசைக்குப் போய் நோட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது அந்த எழுபது ரன் மேட்ச் கட்டிங்தான். கடைசி வரி, சின்ன எழுத்து: ஏகாம்பரம் 2.